மண் கேட்கும் வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற ஊரில் பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்று பாதி மணலுக்குள் கிடக்கிறது. வளைவுகளின் மேற்பாதிதான் வெளியே தெரிகிறது. மிச்சத்தைக் காற்று மூடிவிட்டது. ஒரு கட்டடத்தையே விழுங்கக்கூடிய தரையில் நான்கு சக்கரங்களை ஓட்ட நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தத் தரையைப் பற்றித்தான். வண்டி விற்பவர்களோ வேறு மூன்று எண்களைச் சொல்வார்கள்: எத்தனை குதிரைவலு, பற்றறியில் எத்தனை அலகு மின்சாரம், ஒருமுறை ஏற்றினால் எத்தனை கிலோமீற்றர். மூன்றும் பொய்யல்ல. ஆனால் பருத்தித்துறைக்குத் தெற்கே தொடங்கி வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், வெற்றிலைக்கேணி என்று சுண்டிக்குளம் வரை ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் நீளும் அந்த மணற்கரையில் மூன்றும் அர்த்தம் மாறிப்போகும். குடாநாட்டில் வீதியை விட்டு இறங்குவதற்கு மின்வண்டி தேடுபவர் பார்க்க வேண்டியவை வண்டியின் எடையும் அது தரையை அழுத்தும் அளவும். மற்ற எண்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால் வருபவை.

இந்த வகை வண்டி அமெரிக்க வேட்டைக்காரரின் தேவையில் பிறந்தது. மான் வேட்டைக்குப் பெற்றோல் வண்டியில் போனால், வண்டி போய்ச் சேருமுன் அதன் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் நகரில் தொடங்கிய ‘பாட் பாய் பகீஸ்’ கொல்ஃப் மைதான வண்டியின் அமைதியையும் காட்டு வண்டியின் நாற்சக்கர இழுவையையும் சேர்த்து விற்றது. பொலாரிஸ் நிறுவனம் 2010 அளவில் 48 வோல்ட் ஈய அமிலப் பற்றறிகளோடு ஒரு ‘ரேஞ்சர்’ வண்டியை விட்டது. 2021 டிசம்பரில் அதே பெயர்வரிசையில் 110 குதிரைவலு கொண்ட லிதியம் வண்டியை அறிவித்தது. அதன் சிறிய பற்றறி ஏறத்தாழ 15 அலகு, பெரியது 30 அலகு. அலகு என்று இங்கே சொல்வது மின்சார சபையின் பற்றுச்சீட்டில் வரும் அதே அலகு, ஒரு கிலோவாட்-மணி.

நமது ஊரில் வேட்டை என்ற காரணத்தை ஒதுக்கிவிடலாம். காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. நெடுந்தீவிலும் ஒரு பகுதி அதே ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பூநாரையும் கூழைக்கடாவும் வந்திறங்கும் இடத்தில் துப்பாக்கிக்கு வேலையில்லை. தொலைநோக்கிக்கு உண்டு. காவல் சுற்றும் உத்தியோகத்தர், பறவை எண்ணும் ஆய்வாளர், வலையும் மீன்பெட்டியும் கொண்டு கரைக்குப் போகும் தொழிலாளி ஆகியோர்தான் இங்கே இந்த வண்டிக்கு உரியவர்கள். அவர்களுக்கு வேண்டியது வேகமல்ல. போன இடத்திலிருந்து திரும்பி வருவது.

தார் வீதியில் உருளும் சக்கரத்தைத் தடுக்கும் விசை மிகச் சிறியது, வண்டியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். தளர்ந்த உலர் மணலில் அது நூற்றுக்கு இருபது, முப்பது பங்காகிவிடும். ஏன் இப்படி? மணலில் உருளும் சக்கரம் உருள்வதோடு நில்லாமல் வீதியும் போட்டுக்கொண்டு போகிறது. சக்கரம் கடந்த பிறகு பின்னால் பாருங்கள், ஒரு தடம் இருக்கும். அந்தத் தடத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் அழுத்தி இறுக்க ஆன வேலையைப் பற்றறிதான் கொடுத்தது. தடத்தின் ஆழம் மின்சாரச் செலவின் கணக்குப் புத்தகம் என்றே சொல்லலாம். இதைச் சமன்பாடாக்கியவர் போலந்தில் பிறந்த பொறியியலாளர் மிச்சிஸ்வாவ் பெக்கர். தரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை ஒரு தனித்துறையாகவே அவர் 1950களில் வளர்த்தெடுத்தார். அவர் கணக்கின் சாரம்: சக்கரம் தரையில் செலுத்தும் அழுத்தம் கூடினால் அது புதையும் ஆழம் கூடும், ஆழம் கூடினால் தடை கூடும்.

கணக்கை நமது மணலில் போட்டுப் பார்க்கலாம். வண்டி 700 கிலோ, இரண்டு பேரும் சாமானும் 150 கிலோ. மொத்தம் 850 கிலோ. தரையை நோக்கி அது 8300 நியூட்டன் விசையில் அழுத்துகிறது. பற்றறி 15 அலகு. அதில் அடிமட்டத்தை விட்டுவிட்டு 13.5 அலகை எடுக்கலாம் என்று கொள்வோம். மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகட்டும். தார் வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், காற்றின் தடையையும் பரும்பல் ரயரின் தடையையும் சேர்த்து ஒரு கிலோமீற்றருக்கு அலகில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். ஆக 130 கிலோமீற்றர் போகலாம். யாழ்ப்பாணம் நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஒருமுறை போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். அதே வண்டியை மணற்காட்டில் இறக்கி, தடையை எடையின் கால்பங்கு என்று வைத்தால், ஒரு கிலோமீற்றருக்கு 0.72 அலகு வேண்டும். பற்றறி 19 கிலோமீற்றரில் காலி. 130 எங்கே, 19 எங்கே! வண்டியும் பற்றறியும் மாறவில்லை, மாறியது கீழே இருக்கும் மண். விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் தூரம் எந்த மண்ணில் ஓட்டிக் கிடைத்தது என்று கேட்காமல் வாங்குபவர் அந்த எண்ணை நம்பி நாகர்கோவில் மணலில் நிற்கப்போகிறார்.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: ரயரில் உள்ள காற்றைத் திறந்து விடுவது. ரயர் தரையில் செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 14 இறாத்தல் காற்றை 7 இறாத்தலாகக் குறைத்தால் ரயர் சப்பையாகி நீளமாகத் தரையைத் தழுவும், குறைவாகப் புதையும். இதனால் தடை கால்பங்கிலிருந்து நூற்றுக்குப் பதினைந்தாக இறங்கினால், 19 கிலோமீற்றர் 31 கிலோமீற்றர் ஆகும். இந்த லாபத்தைப் பற்றறியால் வாங்கப் போனால், அதன் சொந்த எடையையும் கணக்கில் சேர்க்க, இன்னும் பதினான்கு அலகளவு சேர்க்க வேண்டும். அதன் எடை 130 கிலோவை எட்டும். விலையைச் சொல்லத் தேவையில்லை. சக்கரத்தின் விட்டமும் இதே வேலையைச் செய்கிறது. பெரிய வட்டம் தரையை நீளமாகத் தொடும், மணல் மேட்டை இடித்துத் தள்ளாமல் மேலேறும். நமது மாட்டுக் கரத்தையின் சக்கரம் ஆள் மார்பு உயரத்துக்கு இருப்பது தச்சரின் அழகுணர்ச்சியால் மட்டும் வந்ததல்ல. பெக்கர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த விடையை மாடும் மணலும் சேர்ந்து சொல்லிவிட்டன.

உலகிலேயே புகழ்பெற்ற மணல் மின்வண்டி பூமியில் ஓடவில்லை. 1971 யூலையில் அப்பல்லோ 15 பயணத்தோடு நிலவில் இறங்கிய அந்த வண்டியின் வடிவமைப்பிலும் பெக்கரின் கை இருந்தது. வண்டி 210 கிலோ, அது சுமக்கக்கூடிய பாரம் 490 கிலோ. தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! நான்கு சக்கரங்களிலும் தலைக்குக் கால் குதிரைவலு மோட்டார், ஆக மொத்தம் ஒரே ஒரு குதிரைவலு. ரயருக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய உருக்குக் கம்பியால் பின்னிய வலைச் சக்கரம், எப்போதும் காற்றுக் குறைந்த ரயர்போல நெகிழ்ந்து கொடுக்கும். மீளேற்ற முடியாத இரண்டு வெள்ளி-துத்தநாகப் பற்றறிகளில் இருந்தது ஏறத்தாழ 8.7 அலகு. அதைக்கொண்டு 92 கிலோமீற்றர் போகலாம் என்று வடிவமைத்தார்கள். நிலவின் ஈர்ப்பு நமதில் ஆறில் ஒன்று என்பதால் அந்தக் கணக்கை அப்படியே பூமிக்கு இறக்க முடியாது. ஆனால் எடையைக் குறை, சக்கரத்தை நெகிழவிடு, நான்கிலும் இழு, பற்றறி தானாகச் சிறியதாகும் என்ற ஒழுங்குமுறை வடமராட்சிக்கும் பொருந்தும்.

அப்படியானால் 110 குதிரைவலு எதற்கு? மேற்சொன்ன 850 கிலோ வண்டியை மணலில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நகர்த்தச் சக்கரத்தில் தேவைப்படுவது 8.6 கிலோவாட், பன்னிரண்டு குதிரைவலுவுக்கும் குறைவு. மேட்டில் ஏறும்போது இன்னொரு பங்கு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ள வலுவை மணல் வாங்கிக்கொள்ளாது. சக்கரம் மணலைத் தள்ளுகிற விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உலர்ந்த மணலில் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. உராய்வு மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்த வரம்பு, இயங்கும் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. பின்சக்கரம் இரண்டு மட்டும் இயங்கும் வண்டியில் பாதி எடைதான் கணக்கில் வரும். அதாவது உச்சத்தில் 2490 நியூட்டன். தடையோ 2075. மிஞ்சும் நானூறு நியூட்டன் ஒரு சிறு மேட்டுக்கே போதாது. பதினைந்து பாகைச் சரிவில் வண்டியின் எடையே 2150 நியூட்டனைப் பின்னுக்கு இழுக்கும். தடையோடு சேர்த்து 4200 ஆகிறது. நான்கு சக்கரமும் இயங்கினால் கிடைக்கும் உச்சம் 4800. பாடுபட்டு ஏறும். இருசக்கர இயக்கத்தில் எத்தனை குதிரையைப் பூட்டினாலும் ஏறாது. சக்கரம் அச்சு வரை தோண்டி, வண்டி வயிற்றில் அமர்ந்துவிடும். நான்கு சக்கர இயக்கம் இந்தக் கரையில் ஆடம்பரமல்ல. நூறு குதிரைவலுதான் ஆடம்பரம்.

மின்மோட்டாருக்கு இங்கே உண்மையான ஒரு மேன்மை இருக்கிறது, விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லாத மேன்மை. பெற்றோல் இயந்திரம் குறைந்த சுழற்சியில் திணறும். மணலில் புறப்பட அதை உறுமவிட்டுக் கிளச்சை நழுவவிட வேண்டும், அந்த உறுமலில்தான் சக்கரம் சுழன்று குழி பறிக்கிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைக் கொடுக்கும். அதை அரைக்கால் பங்கு, கால்பங்கு என்று அளந்தும் கொடுக்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நொடியின் சிறு பகுதிக்குள் உணர்ந்து விசையைத் தணிக்கலாம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, மிதிகட்டையைத் தொட்டவுடன் வண்டி பாய்கிறதா, ஊர்கிறதா என்பது. பாய்வது கடற்கரையில் குறை.

மணல் மட்டும்தான் நமது தரை என்றால் கதை இலகுவாக முடிந்திருக்கும். மணற்கரைக்கு மேற்கே சில கிலோமீற்றரில் கடல்நீரேரி. மாரி முடிந்து நீர் வற்றும்போது விளிம்பில் வெளுத்துப் பரந்து கிடக்கும் உவர்த்தரை, மேலே காய்ந்த தோல்போலவும் கீழே களிச்சேறாகவும் இருக்கும். இங்கே இயற்பியல் தலைகீழ். ஈரக் களியில் உராய்வு ஏறக்குறைய இல்லை, ஒட்டும் தன்மைதான் இருக்கிறது. எனவே இழுவை எடையைப் பொறுத்ததல்ல, தரையைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. மணலில் எடை கூடினால் இழுவையாவது கொஞ்சம் கூடும், சேற்றில் அந்த ஆறுதலும் கிடையாது. பாரம் கூடியவன் வெறுமனே தாழ்கிறான். ஆக இரண்டு தரையும் இரண்டு வெவ்வேறு காரணத்துக்காக ஒரே வண்டியைக் கேட்கின்றன: இலேசானது, அகலமாகத் தொடுவது.

‘பெரிய பற்றறியை வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு’ என்பது முதலில் வரும் மறுப்பு. அதில் பாதி நியாயம் உண்டு. 15 அலகை 30 ஆக்கினால் ஏறத்தாழ 140 கிலோ கூடும். அந்த எடையின் தடையைக் கழித்தாலும் மணலில் தூரம் 1.7 மடங்குவரை போகும். காசுள்ளவருக்கு அது வழிதான். ஆனால் புதைந்த வண்டியைக் கையால் தள்ளி எடுக்க வேண்டிய நாள் ஒன்று வரும், அன்று 140 கிலோவின் பொருள் விளங்கும். ஈய அமிலப் பற்றறி மலிவு என்று அதன் பக்கம் போவது அதைவிடப் பெரிய பிழை. ஒரு கிலோ ஈயப் பற்றறி 35 வாட்-மணியளவில் வைத்திருக்கும். லிதியம் இரும்புப் பொசுபேற்று அடுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. 15 அலகுக்கு ஈயம் 430 கிலோ, லிதியம் ஏறத்தாழ 140 கிலோ. எடையோடு துன்பம் தீரவும் இல்லை. 1897இல் ஜேர்மனியரான பொய்கெர்ட் கண்டறிந்தபடி, ஈயப் பற்றறியிலிருந்து எவ்வளவு வேகமாக மின்னை எடுக்கிறோமோ அவ்வளவுக்கு மொத்தமாகக் கிடைப்பது குறையும். அட்டையில் போட்ட கொள்ளளவு இருபது மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் கிடைப்பது. மணல் ஒன்றரை மணியில் உறிஞ்சிவிடும். அப்போது கையில் வருவது பாதியைச் சற்றே தாண்டும். பாரம் கூடியதால் அதிகம் உறிஞ்சி, அதிகம் உறிஞ்சியதால் குறைவாகப் பெறும் இந்தச் சுழலுக்கு மணற்கரையே மிக மோசமான இடம்.

உப்பைப் பற்றி விற்பனைத் தாள்கள் அநேகமாக வாய் திறப்பதில்லை. சாதாரண உப்புப் பரல் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டும்போது தானாக நீரை உறிஞ்சிக் கரைசலாகும். குடாநாட்டுக் கரையில் இரவுகளில் காற்று அந்த எல்லையைத் தாண்டுவது வழமை. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரமே போதும். ஆகவே வண்டியின் அடியில் படிந்த உப்பு உலர்ந்த தூசாக இருப்பதில்லை, மெல்லிய மின்பகுபொருளாக இருக்கிறது. செம்பு முனையும் அலுமினிய உறையும் அதில் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பற்றறி தன்பாட்டில் உருவாகி அலுமினியத்தைத் தின்னும். நீர்புகாத் தரம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இணைப்பிகள் எந்த உலோகம், அவற்றை நல்ல நீரால் கழுவ வழியுண்டா என்றும் பார்க்க வேண்டும். தொடுவாயில் முழங்கால் நீர்தானே என்று இறக்குவது வேறு ஆபத்து. 2022 செப்டெம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய சில மின்கார்கள் பின்னர் தீப்பற்றின. பற்றறிப் பெட்டிக்குள் புகுந்த உப்புநீர் கடத்தியாகி, நீர் வடிந்த பின்னும் உப்பைப் பாலமாக விட்டுச் செல்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: பெற்றோல். ஒரு லீற்றரில் ஏறத்தாழ ஒன்பது அலகு சக்தி அடைபட்டிருக்கிறது. சிறு இயந்திரம் அதில் ஆறில் ஒன்றைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்றாலும், நமது 15 அலகுப் பற்றறி முழுவதும் செய்யும் வேலையை ஏழு லீற்றர் கலன் ஒன்று செய்துவிடும். வன்னிக் காட்டுக்குள் மூன்று நாள் போகிறவருக்கு நான் மின்வண்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் குடாநாடு சிறியது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தூரங்கள்தான் இங்கே உள்ளவை. மேலும், எரிபொருள் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையை உலகில் கடைசியாகக் கொள்ளவேண்டியவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். 2022இல் எரிபொருள் வரிசை முழு நாட்டுக்கும் வந்து, யூலையில் கியூஆர் அட்டை முறை தொடங்கியது. அந்தப் பழைய தடையில் மின்சாரமும் இல்லாமல்தான் போனது, பற்றறியும் தடைப்பட்ட பொருளாக இருந்தது என்று யாரும் நினைவூட்டலாம், சரியான நினைவூட்டல். வேறுபாடு கூரையில் இருக்கிறது. மூன்று கிலோவாட் சூரியத் தகடு வெயில் நாளொன்றில் பன்னிரண்டு அலகளவு தரும். அது ஏறக்குறைய நமது ஒரு நாள் ஓட்டம். தீவுகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, பற்றறி, டீசல் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அமைதியை நான் கடைசிக்குத் தள்ளியதில் வேட்டைக்காரருக்கு மனவருத்தம் இருக்கலாம். பறவை ஒலியால் மட்டும் வெருள்வதில்லை. திறந்த உவர்வெளியில் அசையும் உருவத்தை அது தூரத்திலேயே கண்டுவிடும். இயந்திரச் சத்தம் நின்றாலும் ரயர் மணலை அரைக்கும் சத்தம் இருக்கும். அமைதியின் பெரிய பயன், நிறுத்தாமலே கேட்க முடிவது. காவலருக்கு அது அரிய உதவி. கள்ள வேட்டைக்காரருக்கும் அதே உதவிதான் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். இன்னொன்று, மின்வண்டி ‘பசுமையானது’ என்ற சொல் மணல்மேட்டில் செல்லாது. மேட்டைக் கட்டி வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவற்றின் மேல் ஏறும் சக்கரம் எந்தச் சக்தியில் சுழல்கிறது என்பது வேருக்குத் தெரியாது. குறைந்த அழுத்தம் காயத்தைக் குறைக்கும், நீக்காது. ஏற்கெனவே உழவு இயந்திரங்கள் போட்ட தடத்திலேயே போவது என்று வைத்துக்கொண்டால் மற்றொரு லாபமும் உண்டு. முன்வண்டி இறுக்கிய மணலில் தடை குறைவு, பற்றறி மிஞ்சும்.

நெடுந்தீவுக்குப் போனால் இவ்வளவு வாதமும் வேறு விதமாகத் திரும்புகிறது. அங்கே கால் வைக்கும் இடமெல்லாம் கல்லாயிருக்கும், வேலிகூட முருகைக்கல். சக்கரம் புதைய வழியில்லாத தரையில் நாற்சக்கர இயக்கத்துக்கும் அகல ரயருக்கும் காசு கொடுப்பது வீண். குதிரைகள் மேயும் வெளியைச் சுற்றிவர ஒரு மின் மோட்டார் சைக்கிள் போதும். ஏழு இறாத்தல் காற்றோடு அங்கே ஓடினால் கூரிய கல் ரயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். மணற்காட்டிலும் மணலை விட்டுத் தார் வீதிக்கு ஏறும்போது விட்ட காற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். இல்லையேல் வேகத்தில் ரயர் சூடேறிக் கிழியும், வளைவில் விளிம்பை விட்டுக் கழலும். பற்றறியிலிருந்தே ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்றும் அழுத்தமானியும் வண்டியோடு வருகின்றனவா என்று கேளுங்கள். நாலு ரயரையும் நிரப்ப அந்தப் பம்பி எடுக்கும் மின்சாரத்தில் மணலில் வண்டி கால் கிலோமீற்றர்கூட ஓடாது.